முதலாம் தரப் பற்சில்லுப் பெட்டி

“அப்ப, இது பாவிச்ச சாமான் எண்டதுக்கு என்ன அத்தாட்சி?”

“பாவிச்ச சாமான் விக்கிற கடையில எடுத்தது சேர்.”

“அது கடையைப் பற்றின தகவல். நான் சாமானைப் பற்றிக் கேட்கிறன்.”

இருவருக்கும் நடுவில், மேசையில் விரித்த பழைய பத்திரிகையின் மேல், ஒரு லொறியின் கியர்பொக்ஸ், அதாவது பற்சில்லுப் பெட்டி, கிடந்தது. பத்திரிகையில் யாரோ ஒரு பெரிய மனிதர் எதையோ திறந்துவைக்கும் படம். நாடா வெட்டிக்கொண்டிருந்த அவருடைய கையைக் கியர்பொக்ஸிலிருந்து கசிந்த எண்ணெய் மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தது.

கேள்வி கேட்டவர் அந்த அரச கந்தோரின் பொறுப்பாளரான அத்தியட்சகர் நல்லரெத்தினம். பதில் சொல்லிவிட்டு விழித்துக்கொண்டு நின்றவர் பேரின்பராசா. வாவிக்கு அப்பால், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரே ஒரு லொறி வைத்துப் பிழைப்பவர். அவர்கள் இருந்த இடத்தின் பெயர் ‘தொன்மை வாகன உறுப்புகளின் நிலை மற்றும் நியாய விலை நிர்ணய அலகு’. வாவிக்கரையோரம் இருந்த அந்தக் கட்டடத்தின் முகப்புக்கு இந்தப் பெயர் கொள்ளவில்லை. ஆகவே பெயர்ப்பலகை சுவரின் மூலையில் மடங்கி அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தது. பாலத்துப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ‘நியாய விலை நிர்ணய அலகு’ என்பது மட்டும் தெரியும். பலர் மலிவு விலையில் சீனி வாங்கலாம் என்று நினைத்து உள்ளே வந்து, ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டே வெளியே போனார்கள்.

பேரின்பராசாவின் சங்கடம் மண்முனைப் பாலத்தின் நடுவில் தொடங்கியது. அவருடைய பெட்போட் லொறி அவரைவிட வயதில் மூத்தது. தை மாதக் கடைசியில் பாலத்தில் வந்துகொண்டிருந்தபோது மூன்றாம் கியருக்குப் போட்டார். உள்ளே யாரோ ஒரு தட்டு நிறையப் பீங்கான் கோப்பைகளை நிலத்தில் போட்டது போல ஒரு சத்தம். அத்தோடு லொறி நின்றது. ஆட்களைப் பிடித்து ஊருக்குத் தள்ளிக்கொண்டுபோய், உடைந்த பெட்டியைக் கழற்றிப் போட்டார். அவருடைய ஊர் வட்டையில், அந்த வயல்வெளி முழுக்க, வெள்ளாமை அப்போது கதிர் சாய்ந்து நின்றது. வெட்டினால் அந்த நெல் முழுவதும் அவருடைய லொறியில்தான் களஞ்சியத்துக்குப் போகவேண்டும். அறுவடைக் காலத்தில் வேறு லொறி பிடிப்பதென்பது நடக்காத காரியம். மாசியில் மழை வந்து மூட்டைகள் வயல்வரம்பிலேயே நனைந்தால், நெல் மூட்டைக்குள்ளேயே முளைத்துவிடும். முளைத்த நெல்லைக் கோழிக்குப் போடலாம். அவ்வளவு கோழி படுவான்கரையில் இல்லை.

ஆகவே அவர் ஏறாவூருக்குப் போனார். அங்கே, எல்லோரும் அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடும் ஜிப்ரி காக்காவின் பழைய சாமான் முற்றம் இருந்தது. ஜிப்ரி காக்கா எல்லாவற்றுக்கும் விலையைக் கூட்டிச் சொல்பவர். ஆனால் கியர்பொக்ஸுக்கு மட்டும் அவரிடம் முதலில் விலையே கிடையாது. கொண்டுபோகவேண்டும், பூட்டவேண்டும், பாரம் ஏற்றி ஒரு நடை போய்வரவேண்டும். பிறகு முற்றத்துக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே, ஏற்றத்தில் என்ன சத்தம், இறக்கத்தில் கியர் கழன்று வருகிறதா, எண்ணெய் எவ்வளவு குடிக்கிறது என்று சொல்லவேண்டும். அதற்குப் பின்புதான் விலை. அந்தப் பேச்சில் வாங்குகிறவர் கொஞ்சம் பொய் சொல்வார், விற்கிறவரும் கொஞ்சம் பொய் சொல்வார். இரண்டும் ஒரே அளவுப் பொய் என்பதால் விலை நேராக நடுவில் வந்து நின்றுவிடும். வாவிக்கு இப்பால் எழுவான்கரையிலும் அப்பால் படுவான்கரையிலும் ஓடும் பழைய லொறிகளில் பாதி இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன.

இந்த முறை ஜிப்ரி காக்கா பெட்டியைக் காட்டினார், உள்ளே கையைவிட்டுப் பற்களைத் தடவச் சொன்னார், பிறகு பெருமூச்சு விட்டார்.

“தம்பி, முந்தி மாதிரித் தர ஏலா. ஒரு சுற்றறிக்கை வந்திரிக்கி. வாவிக்கரக் கந்தோருக்குக் கொண்டு காட்டி அட்டை எடுக்கணுமாம். அட்டை இல்லாமப் பூட்டினா உங்கட லொறிக்கி லைசன் இல்ல, என்ட கடைக்கிச் சீல்.”

ஒரு அட்டைதானே, காலையில் போனால் பகல் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம் என்று பேரின்பராசா நினைத்தார்.

பாவித்த சாமான் என்பதற்கு அத்தாட்சி தேடுவதிலேயே அந்தக் காலை போனது. அத்தாட்சி இல்லாவிட்டால் அது புதிய சாமான். புதிய சாமானென்றால் எந்தக் கப்பலில் வந்தது என்று கேட்கவேண்டும். அந்தப் பெட்டியைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இப்போது ஓய்வூதியம் எடுப்பார்கள் என்று பேரின்பராசா சொல்லிப் பார்த்தார். அது செவிவழிச் செய்தி என்றார் அத்தியட்சகர். கடைசியில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் றிப்ஷான், கண்ணாடி போட்ட மெலிந்த இளைஞர், ஒரு பல்லின் ஓரம் மழுங்கியிருப்பதைப் பூதக்கண்ணாடியால் கண்டுபிடித்தார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. பாவித்த அடையாளம் கிடைத்ததால் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பாவித்த அடையாளம் இருந்ததால் உடனே புள்ளியும் குறைக்கப்பட்டது.

“சேர் முந்தி லொறி வச்சிருந்த நீங்களா?” என்று பேரின்பராசா மரியாதையாகத்தான் கேட்டார்.

அத்தியட்சகர் அந்தக் கேள்விக்காகவே பல நாள் காத்திருந்தவர் போலப் பேனையை மூடி வைத்தார். இதற்கு முன்னர் அவர் பாடசாலைகளுக்கிடையிலான கோலப் போட்டிகளுக்கு நடுவராக இருந்து பெயர் எடுத்தவர்.

“நான் ஒரு நாளும் லொறி ஓட்டினதில்லை. லொறிக்குக் கீழ படுத்ததும் இல்லை. அதாலதான் என்னை இந்தக் கதிரையில இருத்தியிருக்காங்க. ஓட்டினவனுக்குச் சாமானில ஒரு பாசம் வந்திரும். பாசம் வந்தா நடுநிலை போயிரும். எனக்கு ஒரு சாமானையும் தெரியாது. எல்லாத்தையும் ஒரே அளவாத் தெரியாது.”

அடுத்த கட்டம் நிலை நிர்ணயம். எண்ணெய் என்பது ஒரு மறைப்பு, சாமானின் உண்மையை அது மூடிவைக்கிறது என்று அலகின் கைந்நூலில் இருந்தது. ஆகவே கியர்பொக்ஸைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து, பல் தீட்டும் தூரிகையால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, கந்தோர்ப் படியில் வெயிலில் காயவைத்தார்கள். மீன் காயப்போட்ட வீட்டுக்காரரைப் போலப் பேரின்பராசா பக்கத்தில் காவல் இருந்தார். காய்ந்ததும் றிப்ஷான் தண்டைப் பிடித்துச் சுழற்றினார். அது போட்ட சத்தத்தில் வாவிக்கரைக் கொக்குகள் ஒன்றாக எழும்பிப் பறந்தன.

“எண்ணெய் இல்லாட்டி எந்தக் கியரும் கத்தும் சேர்,” என்றார் பேரின்பராசா.

“கத்தட்டும். கத்துறதைத்தானே நாங்க கேட்கவேணும்,” என்றார் அத்தியட்சகர்.

‘சத்தம் உண்டு’ என்று எழுதினார்கள். மேலதிக அவதானிப்புக்காகப் பெட்டியை அங்கேயே விட்டுப் போகச் சொன்னார்கள். மறுமுறை அவர் வந்தபோது உப்புக்காற்றில் அதன் மேல் மெல்லிய மண்ணிறத் துரு படர்ந்திருந்தது. சட்டை நுனியால் அதைத் துடைக்கப் போனார். பதறத் தேவையில்லை என்று றிப்ஷான் ஆறுதல் சொன்னார். அந்த நிறத்துக்குத் ‘தொன்மைச் சாயல்’ என்று பெயர், சத்தத்தால் போன புள்ளி சாயலால் திரும்பி வந்துவிட்டதாம்.

அதற்கிடையில் பேரின்பராசாவின் மனைவி யசோதினி தொலைபேசியில் சேதி சொன்னாள். வட்டையின் மேற்கு மூலையில் வெட்டு மெசின் இறங்கிவிட்டது. லொறி எப்ப என்று கேட்கிறார்கள். பேரின்பராசா, விலை மட்டும்தான் பாக்கி என்றார்.

விலை ஒரு முழுக் கிழமையின் வேலை நாட்களையெல்லாம் விழுங்கியது. நியாய விலையை மூன்று தூண்கள் தாங்குவதாக அத்தியட்சகர் விளக்கினார். முதல் தூண், ஒப்பீடு. றிப்ஷான் கந்தோர்க் கணினியில் தேடி, இங்கிலாந்தில் பழைய லொறி சேகரிக்கும் ஒருவர் தன் கியர்பொக்ஸை மினுக்கி, மரப்பீடத்தில் வைத்து, பவுணில் விலை போட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். அதை ரூபாயாக்கினார்கள். இரண்டாம் தூண், அதை அங்கிருந்து கப்பலில் கொண்டுவந்தால் ஏற்படக்கூடிய செலவு. கொண்டுவரவில்லையே என்று பேரின்பராசா சொன்னதற்கு, சேமித்த செலவும் ஒரு பெறுமதிதான் என்று பதில் வந்தது. மூன்றாவது தூண், அந்தச் செலவுக்கு அரசு அறவிட்டிருக்கக்கூடிய வரி. மூன்றையும் கூட்டி வந்த விலைக்குப் பேரின்பராசாவின் லொறியைப் போல இரண்டு லொறிகளை, உள்ளே கியர்பொக்ஸோடு வாங்கலாம்.

“அப்ப என்ட லொறிய இந்தக் கணக்கில ஆரும் எடுப்பாங்களா சேர்?”

“லொறி வேற பிரிவு,” என்றார் அத்தியட்சகர்.

விற்பனையாளரின் சம்மதம் வேண்டுமென்று ஜிப்ரி காக்காவை வரவழைத்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்து, விலையைப் பார்த்து, தனக்கு அவ்வளவு வேண்டாமென்றார். அதில் கால்வாசியும் கேட்கமாட்டேன் என்றார். அத்தியட்சகரின் முகம் இறுகியது. நியாய விலையைவிடக் கூட்டி விற்பது எப்படிக் குற்றமோ, குறைத்து விற்பதும் அப்படியே குற்றம் என்றார். யாருக்கு எதிரான குற்றம் என்று ஜிப்ரி காக்கா கேட்டார். விலைக்கு எதிரானது என்று பதில் வந்தது.

“சேர், கூட்டி விக்கிறன் எண்டு நான் ஊர் முழுக்க ஏச்சு வாங்கின ஆள். கொறச்சு விக்கிறதுக்கு இப்பதான் மொத தடவ வாங்கிறன்.”

பிறகு அவர், தன் முற்றத்து வழக்கத்தை எடுத்துச் சொன்னார். பூட்டுவது, ஒரு நடை ஓட்டுவது, அதற்குப் பிறகு பேசுவது. சொன்னது நல்ல நோக்கத்தோடுதான். அந்தப் பிழையை அவர் பிறகு பல தடவை நினைத்து வருந்தினார். அத்தியட்சகர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பாவித்துப் பார்த்துவிட்டு விலை. இதை ஒரு கடைக்காரர் செய்தால் அது ஒழுங்கீனம். ஓர் அலகு செய்தால் அது பரிசோதனை. லொறியைக் கொண்டுவாருங்கள் என்றார்.

கியர்பொக்ஸ் இல்லாத லொறி எப்படி வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. பேரின்பராசா வட்டையில் ஓடி ஓடிக் கேட்டு, அறுவடை மும்முரத்தில் ஒருவர் மனமில்லாமல் தந்த உழவு மெசினில் லொறியைக் கயிறு கட்டி இழுத்து, மண்முனைப் பாலம் தாண்டி, காத்தான்குடிச் சந்தியில் நின்றவர்களின் பகிடியெல்லாம் கேட்டு, வாவிக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நட்டுக் கழற்றும் சாவிகளும் சுத்தியலும் எண்ணெய்க் கலனும் முன்சீற்றில் தயாராக இருந்தன. இன்றைக்குப் பூட்டினால், ஒரு நடை ஓடிக் காட்டிவிட்டு, அப்படியே வட்டைக்குப் போய்விடலாம்.

பெட்டியைத் தூக்கப் போனவரை றிப்ஷான் தடுத்தார். நிலை நிர்ணயிக்கப்படாத உறுப்பை லொறியில் பூட்டக்கூடாது. பூட்டாமல் ஓட்ட முடியாது. ஓட்டாமல் நிலை நிர்ணயிக்க முடியாது. இதை றிப்ஷான் மிகுந்த மரியாதையோடு, ஏதோ அழகான ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றிக் காட்டுவதுபோலச் சொன்னார். அலகின் குழு உள்ளே கூடியது. தேநீர் போனது, வெற்றுக் கோப்பைகள் வந்தன. பின்னர் முடிவு வந்தது. பெட்டி பூட்டப்படமாட்டாது. ஆனால் ஓட்டப் பரிசோதனை நடக்கும்.

கியர்பொக்ஸைத் தூக்கி லொறியின் பின்தட்டில், ஒரு பாயின் மேல் வைத்தார்கள். றிப்ஷான் பக்கத்தில் முழந்தாளிட்டு அதன் மேல் காதை வைத்தார். அத்தியட்சகர் சாரதி ஆசனத்தில் ஏறினார். கியர்த்தடி பழைய உடைந்த பெட்டியோடு போய்விட்டதால் அது இருந்த இடத்தில் ஓர் ஓட்டை மட்டும் இருந்தது. அவர் அந்த ஓட்டையில் தன் குடையை நட்டார். உழவு மெசின் முன்னே இழுத்தது. லொறி வாவிக்கரை வீதியில் ஊர்வலம் போலப் போனது. ஏற்றம் வந்த இடத்தில் அத்தியட்சகர் குடையை முன்னுக்குத் தள்ளி, இரண்டாம் கியர் என்று பின்னால் திரும்பி அறிவித்தார். சத்தம் இல்லை என்று றிப்ஷான் பதில் சொன்னார். குடை பின்னுக்கு வந்தது. மூன்றாம் கியரிலும் சத்தம் இல்லை. கியர் எங்கேயும் கழன்று வரவில்லை. ஒரு சொட்டு எண்ணெயும் குடிக்கவில்லை.

வீதியோரம் நின்ற ஜிப்ரி காக்கா, பேரின்பராசாவின் தோளில் கை வைத்தார்.

“நான் இவ்வளவு காலம் கடையில செல்லாத பொய்ய, தம்பி, என்ட பெட்டி செல்லிட்டு வருது.”

பரிசோதனை அறிக்கையின்படி, அலகின் வரலாற்றிலேயே இவ்வளவு சத்தமில்லாமல் இயங்கிய உறுப்பு வேறில்லை. அதற்கு முதலாம் தரம் கிடைத்தது. விலை இன்னும் ஏறியது. ஆனால் விலையைப் பற்றி இனி யாரும் கவலைப்படத் தேவையில்லை என்றார்கள். ஏனென்றால் முதலாம் தரத் தொன்மை உறுப்பை விற்கமுடியாது, பாதுகாக்கத்தான் முடியும். லொறியையும் பரிசோதனை வாகனம் என்று ஓர் ஒட்டு ஒட்டி கந்தோர் வளவுக்குள் ஒரு மரத்தின் கீழ் நிறுத்தினார்கள். உழவு மெசின்காரர் இனி நிற்க ஏலாது என்று கயிற்றைக் கழற்றிக்கொண்டு வட்டைக்குப் போனார். தன் முற்றத்தில் இன்னொரு பெட்டி கிடப்பதாக ஜிப்ரி காக்கா மெதுவாகச் சொன்னார். அதற்கும் அட்டை வேண்டுமே என்று பேரின்பராசா நினைவூட்டினார்.

சான்றிதழ் வழங்கும் நாளில் வாசலில் நிறைகுடம் வைத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். கியர்பொக்ஸுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பேரின்பராசா முன்வரிசைக் கதிரையில் உட்காரவைக்கப்பட்டார். வெளியே வடகீழ்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவருடைய தொலைபேசி அதிர்ந்தது. குனிந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு எடுத்தார்.

“எல்லாம் வெட்டி முடிஞ்சுது,” என்றாள் யசோதினி. “மூட்டை வரம்பில கிடக்கு. மூடுறதுக்குப் படங்கு பாதிக்குத்தான் காணும். பெட்டி முதல் வருமா, மழை முதல் வருமா எண்டு இஞ்ச பந்தயம் கட்டுறாங்க. நான் பெட்டிக்குத்தான் கட்டியிருக்கன்.”

மேடையில் அத்தியட்சகர் பேசத் தொடங்கியிருந்தார்.

“இந்த மாவட்டத்தில ஓடுற சாமான் எவ்வளவோ கிடக்கு. ஓடாமல் நிற்கிற தகுதி எத்தனைக்கு இருக்கு? சில பேர் கேட்கிறாங்க, இந்த அலகு வந்த பிறகு ஒரு சாமானாவது விற்பனையாகியிருக்கா எண்டு. நான் பெருமையோட சொல்றன், ஒண்டும் விற்பனையாகயில்லை. ஒரு சாமான்கூட இந்த மாவட்டத்தில அநியாய விலைக்கு விற்கப்படயில்லை. இதுக்கு முந்தி எவ்வளவு நடந்திருக்கும் எண்டு நினைச்சா எனக்கு நித்திரை வருகுதில்லை.”

கைதட்டல் ஓய்ந்ததும் சான்றிதழைப் பேரின்பராசாவின் கையில் கொடுத்து, படம் எடுத்தார்கள். தடித்த, பளபளப்பான அட்டை. அவர் கேட்டு வந்த அதே அட்டை. அடியில் ஒரு வரி இருந்தது: ‘இவ்வுறுப்பு பாவனைக்கு உட்படுத்தப்படாதிருக்கும் காலம் வரை மாத்திரம் செல்லுபடியாகும்.’ அவர் அதை ஒரு தரம் வாசித்தார். படமெடுத்தவர் சிரிக்கச் சொன்னார். சிரித்தார்.

கியர்பொக்ஸை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், நீலத் துணியின் மேல் இறக்கினார்கள். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த அதன் முகத்தை வாசல் பக்கம் பார்க்கத் திருப்பினார்கள். அத்தியட்சகர் சின்னப் பூட்டைப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டு, பையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார். விருந்தினர்கள் வடையையும் பற்றீஸையும் நோக்கி நகர்ந்தார்கள். ஜிப்ரி காக்கா வெளியே, லொறிக்குப் பக்கத்தில், சாவிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். கந்தோரின் தகரக் கூரையில் முதல் துளி விழுந்தது. பிறகு இன்னொன்று.

பேரின்பராசா சான்றிதழை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வரிசைக் கதிரைகளைத் தாண்டி, அத்தியட்சகருக்குக் கிட்டப் போனார்.

“சேர், விலை வேணாம், சொந்தம் வேணாம். ஒரு நடை. பூட்டி, வட்டைக்குப் போய், நெல்ல ஏத்திக் களஞ்சியத்தில இறக்கிற்று வாறன். வந்து கழட்டி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, இந்த நீலத் துணியில, இதே வாசலைப் பாக்க வச்சிட்டுப் போறன். அந்தத் திறப்ப ஒருக்காத் தாறீங்களா?”